மருந்து அடிக்கும் முன் வயலில் இறங்கி எண்ணுவோம்



போன சம்பா பட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம். கார்த்திகை மாதம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டம். கடன் கேட்டு மனு கொடுத்த உறுப்பினர்களில் ஒரு அக்கா ரூ.6,000 கேட்டிருந்தார். என்ன செலவுக்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும் அல்லவா? கேட்டோம். "பயிருக்கு மருந்து வாங்கணும் மேடம். ரெண்டு தடவை அடிச்சாச்சு, நிக்க மாட்டேங்குது. இப்ப மூணாவது தடவை" என்றார்.

கூட்டம் முடிந்ததும் அவர் வயலுக்கே போனோம். நட்டு 65 நாள் ஆன பயிர். நடு வயலில் அங்கங்கே வட்ட வட்டமாகத் தீய்ந்து, புகைபட்ட மாதிரி நின்றது. பார்த்ததுமே தெரிந்தது, புகையான். ஒரு குத்தைச் சாய்த்துத் தட்டினால் தண்ணீரில் பழுப்பு நிறத்தில் பூச்சி கொத்துக் கொத்தாக விழுந்தது. ஆனால் எங்களுக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அந்த வயலில் சிலந்தி ஒன்றுகூட கண்ணில் படவில்லை.

அந்த அக்கா மூன்றாவது தடவையும் அடித்தார். வழக்கமாக 22 மூட்டை காணும் நிலத்தில் 13 மூட்டைதான் கண்டது. குழுக் கடனைக் கட்டி முடிக்க வைகாசி ஆகிவிட்டது. "நான் ஒண்ணும் குறை வைக்கலையே, சொன்ன மருந்தை எல்லாம் அடிச்சேனே" என்று அவர் கேட்டது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

அவர் குறை வைக்கவில்லை என்பது உண்மை. அடித்ததுதான் பிரச்சினை. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வயலில் யார் யார் குடியிருக்கிறார்கள்?

நாற்று பறிப்பது, நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் நாம்தான் செய்கிறோம். பயிரைக் குனிந்து பார்ப்பவர்கள் நாம். ஆனால் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று முடிவு செய்வது மட்டும் வரப்பில் நின்று பார்ப்பவரோ, கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பவரோ. இது மாற வேண்டும்.

வயலில் பறக்கிற, ஊர்கிற எல்லாமே பயிரைத் தின்ன வந்தவை அல்ல. மூன்று கூட்டம் உண்டு.

முதல் கூட்டம், பயிரைத் தின்பவை. தண்டு துளைப்பான் (நாம் குருத்துப்பூச்சி என்போம்), இலைச்சுருட்டுப்புழு, புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, ஆனைக்கொம்பன் ஈ, பால் பிடிக்கும்போது வந்து சாறு உறிஞ்சுகிற கதிர் நாவாய்ப்பூச்சி. இவைதான் தீமை செய்பவை.

இரண்டாவது கூட்டம், அந்தப் பூச்சிகளைத் தின்பவை. சிலந்தி, தட்டான், ஊசித்தட்டான், பொறிவண்டு, தரைவண்டு, தவளை. தண்ணீருக்கு மேலே குத்துக்குக் குத்து ஓடுகிற சாம்பல் நிற ஓநாய்ச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். அது வலை பின்னுவதில்லை, ஓடிப் பிடிக்கிறது. ஒரு சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை பிடித்துத் தின்னும். பச்சை நிறத்தில் மிரிட் நாவாய்ப்பூச்சி என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. அது புகையானின் முட்டையைத் தேடிப் பிடித்து உறிஞ்சும். இதைத் தத்துப்பூச்சி என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு.

கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிகளும் இதில் சேர்த்தி. கொட்டுகிற குளவி இல்லை, எறும்பைவிடச் சின்னது. தண்டு துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். இவற்றை ஒட்டுண்ணிக் குளவிகள் என்கிறோம்.

மூன்றாவது கூட்டம், நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. சேற்றில் மட்கியதைத் தின்று வாழும் சின்னக் கொசு, ஈ வகைகள். ஆனால் இதற்கும் வேலை உண்டு. பயிர் இளசாக இருக்கும்போது, தீமை செய்யும் பூச்சி வருவதற்கு முன்னாலேயே சிலந்திகள் வயலுக்கு வந்துவிடும். அப்போது அவற்றுக்குச் சாப்பாடு இந்த மூன்றாவது கூட்டம்தான்.

ஆக, வயல் என்பது ஒரு ஊர் மாதிரி. திருடனும் இருக்கிறான், காவல்காரனும் இருக்கிறான், தன் பாட்டுக்குப் பிழைப்பவனும் இருக்கிறான். திருடனைப் பிடிக்கிறேன் என்று ஊரையே கொளுத்தினால் என்ன ஆகும்?

அடித்த பிறகு ஏன் கூடுகிறது?

அந்த அக்கா வயலில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

நட்டு 25-ஆம் நாள் இலையில் வெள்ளைக் கோடு விழுந்தது, இலைச்சுருட்டுப்புழு. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த வயதில் பயிர் தூர் கட்டிக்கொண்டிருக்கிறது, புது இலை விட்டுக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் இலை போனாலும் அது ஈடு செய்துகொள்ளும். அக்கா பயந்துபோய், கடையில் கொடுத்த இரண்டு மருந்தைக் கலந்து அடித்தார். புழு செத்தது. கூடவே சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி, குளவி எல்லாம் செத்தன. 40-ஆம் நாள் இன்னொரு தடவை அடித்தார். மிச்சம் மீதி இருந்த நண்பர்களும் போய்விட்டார்கள்.

காவல் இல்லாத வயலுக்குப் புகையான் வந்தது. ஒரு பெண் புகையான் 200 முட்டைக்கு மேல் வைக்கும். முட்டையை இலை மேல் வைக்காது. இலை உறையைக் கீறி அதற்குள்ளே செருகி வைக்கும். மேலே அடிக்கிற மருந்து உள்ளே இருக்கிற முட்டையைத் தொடுவது கஷ்டம். ஏழெட்டு நாளில் குஞ்சு பொரித்து வெளியே வரும்போது, அதைத் தின்ன ஒரு சிலந்திகூட இல்லை. சிலந்தி மறுபடி பெருக நாளாகும், புகையானுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வைக்க ஒரு மாதம்கூட ஆகாது.

சில மருந்துகள் விஷயத்தை இன்னும் மோசமாக்கும். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லுக்கு அடித்தால் புகையான் குறையாது, பெருகும் என்று வேளாண் துறையே எச்சரிக்கிறது. அதோடு யூரியாவை அள்ளிப் போட்டு, பயிர் கருகருவென்று நெருக்கமாக நின்றால் புகையானுக்கு அதுவே நல்ல வீடு.

எனவே 'மருந்து சரியில்லை, அதனால நிக்கல' என்று நினைக்காதீர்கள். மருந்து தன் வேலையைச் செய்தது. நம் பக்கம் நின்றவர்களை முதலில் கொன்றது.

மற்ற இடங்களில் என்ன நடந்தது?

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இந்தோனேசியாவில் 1970, 80-களில் நெல்லுக்குப் பூச்சிக்கொல்லி வாங்க அரசே பெரிய மானியம் கொடுத்தது. விவசாயிகள் அடித்துத் தள்ளினார்கள். புகையான் திரும்பத் திரும்ப வந்து வயல்களை எரித்தது. 1986-இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தது. பிறகு மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. விளைச்சல் விழவில்லை. விவசாயிகளை வாரம் ஒரு நாள் வயலில் இறக்கி, பூச்சியை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதுதான் 'உழவர் வயல்வெளிப் பள்ளி'. இன்று நம் நாட்டிலும் அதே பெயரில் நடக்கிறது.

வியட்நாமில் 1994-இல் லாங் ஆன் மாகாணத்தில் ஒரே ஒரு செய்தியை ரேடியோ நாடகம் போட்டுப் பரப்பினார்கள். 'முதல் 40 நாள் இலை தின்னும் பூச்சிக்கு மருந்து அடிக்காதீர்கள். நம்பிக்கை இல்லையென்றால் வயலில் ஒரு மூலையில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள்.' விட்டுப் பார்த்தவர்கள், விளைச்சலில் வித்தியாசம் இல்லை என்று தாங்களே கண்டு மருந்தை வெகுவாகக் குறைத்தார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்டது. உடம்பு மேல் மெழுகு மாதிரி மாவு இருப்பதால் மருந்து ஒட்டவில்லை. மல்பெரிக்கு அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு சாகும். மரவள்ளிக்காரர்களும் பட்டு வளர்ப்பவர்களும் கையைப் பிசைந்தார்கள். 2010-இல் அந்தப் பூச்சியை மட்டுமே தாக்குகிற மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்துப் பெருக்கினார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் குளவியை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. விட்ட இடத்தில் மருந்து அடிக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. சில மாதங்களில் பூச்சி அடங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவி செய்த வேலை இது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது பக்கத்து மாநிலத்துக் கதை. அப்போதைய கம்மம் மாவட்டத்தில் (இப்போது தெலங்கானா) புனுகுலா என்று ஒரு கிராமம். பருத்தியும் மிளகாயும் போட்டு, மருந்துக் கடனில் மூழ்கியிருந்த ஊர். சில வருட உழைப்பில், 2004 வாக்கில், பூச்சிக்கொல்லி இல்லாத ஊர் என்று பஞ்சாயத்தே அறிவித்தது. அதற்குப் பிறகு ஆந்திராவில் அந்த முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனது யார் தெரியுமா? மகளிர் சுய உதவிக்குழுக் கூட்டமைப்புகள். நம்மைப் போலவே வாரம் கூடி, சேமிப்புக் கட்டி, கையெழுத்துப் போடுகிற பெண்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

புளியங்கொட்டைக் கணக்கு

இனி நாம் செய்ய வேண்டியது. மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதை வயலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஐந்து பேர், கொஞ்சம் புளியங்கொட்டை, கொஞ்சம் கூழாங்கல், இரண்டு மஞ்சப்பை போதும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் ஐந்து பேரும் வயலில் இறங்குங்கள். வரப்போரம் பார்க்க வேண்டாம், அங்கே கணக்கு சரியாக வராது. மூலைக்கு மூலை குறுக்காக நடந்து, தள்ளித் தள்ளி ஆளுக்கு 4 குத்து பாருங்கள். மொத்தம் 20 குத்து. குத்தை மெல்லச் சாய்த்து, தூரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். புகையான் அடியில்தான் இருக்கும். பிறகு தட்டி, தண்ணீரில் விழுவதையும் பாருங்கள்.

ஒரு புகையானுக்கு ஒரு புளியங்கொட்டை ஒரு பையில். ஒரு சிலந்திக்கு ஒரு கூழாங்கல் அடுத்த பையில். கடைசியில் மரத்தடியில் கொட்டி எண்ணுங்கள்.

புகையானுக்கு வேளாண் துறை சொல்லும் அளவு இது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான். குத்துக்கு 1 சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு 2 புகையான். அதைத் தாண்டினால்தான் சேதம். குத்துக்கு 15 தூர் என்று வைத்தால், சிலந்தி இல்லாதபோது குத்துக்கு 15, சிலந்தி இருந்தால் 30. பார்த்தீர்களா, ஒரு சிலந்தி இருந்தாலே நாம் பொறுத்துக்கொள்ளும் அளவு இரண்டு மடங்கு ஆகிறது!

அதே கார்த்திகையில் அதே ஊரில் இன்னொரு உறுப்பினர் வயலில் இப்படி எண்ணினோம். 20 குத்தில் 140 புளியங்கொட்டை, 26 கூழாங்கல். குத்துக்கு 7 புகையான், ஒன்றுக்கு மேல் சிலந்தி. "அடிக்க வேண்டாம், தண்ணியை மட்டும் வடிங்க" என்றோம். அவர் வீட்டுக்காரர் நம்பவில்லை. "பக்கத்து வயல் எரியுதே, எப்படிச் சும்மா இருக்கிறது?" என்று சத்தம் போட்டார். எங்களுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒரு வாரம் கழித்து எண்ணினால் 96 கொட்டை, 31 கல். அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. அந்தப் பட்டம் முழுக்க அவர் மருந்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

மற்ற பூச்சிகளுக்கான அளவு:

1. தண்டு துளைப்பான்: தூர் கட்டும் பருவத்தில் 100 தூருக்கு 10-இல் நடுக்குருத்து காய்ந்திருந்தால், அல்லது ஒரு சதுர மீட்டரில் 2 முட்டைக் குவியல் இருந்தால்.

2. இலைச்சுருட்டுப்புழு: தூர் கட்டும்போது 100 இலைக்கு 10, பூக்கும் பருவத்தில் 100 கண்ணாடி இலைக்கு 5.

3. கதிர் நாவாய்ப்பூச்சி: பூக்கும்போது 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடிக்கும்போது 100 கதிருக்கு 16 பூச்சி.

இந்த அளவுக்குக் கீழே இருந்தால் அடிப்பது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. வாரம் ஒரு தடவை எண்ணினால் போதும். கூட்டம் நடக்கிற நாளிலேயே காலையில் எண்ணிவிட்டால் மறக்காது.

பூச்சி வருமுன் செய்ய வேண்டியவை

வந்த பிறகு ஓடுவதைவிட வருமுன் காப்பது மேல். பெரிய செலவில்லாத வேலைகள் இவை.

* நாற்று நடும் முன் நுனியைக் கிள்ளிவிடுங்கள். தண்டு துளைப்பானின் முட்டைக் குவியல் நுனி இலையில்தான் இருக்கும். கிள்ளியதை வயலில் போடாமல் அழித்துவிடுங்கள்.

* நடும்போது 8 அடிக்கு ஒரு முறை 1 அடி இடைவெளி விட்டுப் பட்டம் பிரியுங்கள். காற்றும் வெயிலும் தூரின் அடிவரை போனால் புகையான் தங்காது. 'இடம் வீணாகுதே' என்பார்கள். எரிந்துபோகும் இடத்தைவிட இது குறைவுதான்.

* யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். கருகருவென்று நிற்கும் பயிர் பூச்சிக்கு விருந்து.

* வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு ஊன்றுங்கள். தட்டைப்பயறில் அசுவினி வரும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும். பொறிவண்டு அங்கிருந்து நெல்லுக்கும் இறங்கும். வரப்புப் பயறு வீட்டுக்கும் ஆகும். செண்டுமல்லி போன்ற பூச்செடி இருந்தால் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும்.

* ஏக்கருக்கு 15, 20 இடத்தில் பறவை உட்காரக் குச்சி நடுங்கள். கரிச்சான் உட்கார்ந்து புழுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். பால் பிடிக்கும் முன் குச்சியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மற்ற பறவைகள் கதிரைக் கொத்தும்.

* தண்டு துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணி அட்டையாகக் கிடைக்கிறது. ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் வாரம் ஒரு முறை மூன்று தடவை கட்ட வேண்டும். எந்தப் பூச்சிக்கு எந்த வகை, எப்போது கட்டுவது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை கட்டிய வயலில் மருந்து அடித்தால் அட்டைக் காசு வீண்.

எண்ணிக்கை தாண்டினால்?

முதலில் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பயிரை விலக்கிப் பட்டம் பிரித்துவிடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல்.

ஒரு ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம் பருப்பு (மேல் ஓடு நீக்கியது) வேண்டும். நன்றாக இடித்து, துணியில் மூட்டை கட்டி, ராத்திரி முழுக்க தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் பிழிந்து பிழிந்து எடுத்து வடிகட்டுங்கள். 200 லிட்டர் தண்ணீராக நிரப்பி, இலையில் ஒட்டுவதற்கு 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். 10 லிட்டர் டேங்க் என்றால் அரைக் கிலோ பருப்பு கணக்கு. சாயங்காலம் அடியுங்கள், வெயிலில் வேம்பின் வீரியம் குறைந்துவிடும். புகையானுக்கு என்றால் தூரின் அடியில் படும்படி அடிக்க வேண்டும்.

வேம்பு பூச்சியை உடனே சுருட்டிப் போடாது. தின்னவிடாது, தோலுரிக்க விடாது, முட்டை வைக்கவிடாது. அதனால் மறுநாளே செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலந்திக்கு இதனால் கேடு குறைவு. அதற்காகத் தேவையில்லாமல் வேம்பையும் அடிக்க வேண்டாம்.

அதற்கும் அடங்காமல், மறுபடி எண்ணியும் அளவு தாண்டினால், வேளாண் அலுவலரைக் கேட்டு, அந்தப் பூச்சிக்கு மட்டும் உரிய மருந்தை, பாதித்த இடத்தில் மட்டும், சொன்ன அளவில் அடிக்கலாம். நாங்கள் மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. கடைசியில் எடுக்க வேண்டியதை முதலில் எடுக்காதீர்கள் என்கிறோம். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பது கூடவே கூடாது.

நம் உடம்பும் பிள்ளைகளும்

'நாங்க மருந்து அடிக்கிறதில்ல, ஆம்பளைங்கதான் அடிக்கிறாங்க' என்று சொல்வீர்கள். தண்ணீர் தூக்கிக் கொடுத்து, கலக்கிக் கொடுப்பது யார்? அடித்த மறுநாள் அதே வயலில் கூலிக்குக் களையெடுப்பது யார்? மருந்து பட்ட சட்டையைத் துவைப்பது யார்? நாம்தான். அதனால் இதை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

* டப்பாவில் முக்கோணக் குறி இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம். அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்க்கலாம். பச்சை என்றாலும் அதுவும் விஷம்தான்.

* வெறும் கையால் கலக்காதீர்கள். அடைத்த முனையை வாயால் ஊதாதீர்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்க விடாதீர்கள்.

* மருந்து பட்ட துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

* காலி டப்பாவைக் கழுவி எண்ணெய், தண்ணீர் வைக்கப் பயன்படுத்தாதீர்கள். ஓட்டை போட்டு, கிணறு, குளத்துக்குத் தள்ளிப் புதையுங்கள்.

* அடித்த வயலில் எத்தனை நாள் இறங்கக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கூலிக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த வேலைப் பக்கமே போக வேண்டாம்.

* வீட்டில் மருந்து பாட்டில் மிச்சம் வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டினாலும் ஆபத்து. கோபத்திலோ மனவருத்தத்திலோ இருப்பவர் கைக்கு எட்டினாலும் ஆபத்து. ஒரு நிமிடக் கோபத்தில் எத்தனை வீடு இருண்டுபோயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள், வைக்க வேண்டி வந்தால் வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள்.

தலைசுற்றல், வாந்தி, எச்சில் ஊறுதல், கண் மங்கல், மூச்சுத் திணறல் வந்தால் தாமதிக்காதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-க்குப் போன் செய்யுங்கள். டப்பாவை மறக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.

குழுவாக என்ன செய்யலாம்?

தனியாக ஒருவர் மருந்து அடிக்காமல் இருப்பது கஷ்டம். வீட்டில் பேச்சு கேட்க வேண்டும், பக்கத்து வயல்காரர் சிரிப்பார். ஐந்து பேர் சேர்ந்து எண்ணி, கணக்கோடு சொன்னால் வீட்டுக்காரரும் கேட்பார். அதனால்தான் இதைக் குழு வேலையாகச் சொல்கிறோம்.

1. அடுத்த கூட்டத்தில் கடன் பதிவேட்டை எடுங்கள். போன வருடம் பூச்சி மருந்துக்கு என்று எத்தனை பேர், எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்று கூட்டிப் பாருங்கள். நாங்கள் அந்த ஊர்க் குழுவில் கூட்டிப் பார்த்தபோது எல்லாரும் சிறிது நேரம் பேசவே இல்லை. மாதம் மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது.

2. மருந்துக்குக் கடன் கேட்டு மனு வந்தால், கொடுக்கும் முன் ஐந்து பேர் போய் அந்த வயலை எண்ணிவிட்டு வருவது என்று தீர்மானம் போடுங்கள். கடனை மறுப்பதற்காக இல்லை. அந்தப் பணம் அந்த அக்காவுக்குத் தேவையா என்று பார்ப்பதற்காக.

3. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது சேர்ந்து பொறுக்குங்கள். சதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, காற்றோட்டமான சாக்கில் வையுங்கள். சம்பாவுக்கு அது சரியான பருவத்தில் இருக்கும். பூசணம் பிடித்தது வேண்டாம். நம் தேவைக்குப் போக மிச்சத்தைப் பக்கத்துக் குழுக்களுக்கு விற்கலாம்.

4. உங்கள் பகுதியில் உழவர் வயல்வெளிப் பள்ளி நடத்தச் சொல்லி வேளாண் துறைக்குக் குழுவின் பெயரில் மனு கொடுங்கள். பெண்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டா வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் வயலில் குனிந்து பார்ப்பவர் நாம்தான்.

5. பயமாக இருந்தால் ஒரு பாத்தியில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள். எண்ணுங்கள். அறுப்பில் தனியாக அடித்து எடை போடுங்கள். எங்கள் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் எடையை நம்புங்கள்.

முதலில் சொன்ன அந்த அக்கா இந்த வருடம் எங்களைப் பார்த்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "மேடம், புளியங்கொட்டை எடுத்து வச்சிருக்கேன். நடவு முடிஞ்சதும் வாங்க" என்றார். கட்டாயம் போவோம். நீங்களும் உங்கள் ஊரில் எண்ணிப் பார்த்து, எத்தனை கொட்டை, எத்தனை கல் என்று அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். வந்த கணக்கை எல்லாம் அடுத்த இதழில் போடுகிறோம்.